வராதே என்னும் விளக்கு

ஓசூரில் கடல் இல்லை. அது யாருடைய குற்றமும் அன்று. கடலையே அறியாதவர்கள் கலங்கரை விளக்கத்தை வைத்து விளையாடப் புறப்பட்டதுதான் குற்றம்.

நிதானமாகவே சொல்கிறேன், ஐயா. உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன்; பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். எங்கள் மேலாளர் ஹரீஷ்குமார், குடும்ப தினத்துக்காகப் பூங்காவில் ஜியோகேச்சிங் என்ற விளையாட்டை ஏற்பாடு செய்தார். கைப்பேசி காட்டும் புள்ளியைத் தொடர்ந்து சென்று, ஒளித்துவைத்த டப்பாக்களைக் கண்டெடுக்க வேண்டும். டப்பாதோறும் கலங்கரை விளக்கப் படம். கடைசி இடத்தில் முழங்கால் உயரப் பொம்மை விளக்கு.

கூட்டத்தில் பிழையைச் சுட்டிக்காட்டினேன். கலங்கரை விளக்கம் 'இங்கே பாறை, விலகிப் போ' என்று சொல்வது. அதை இலக்காக வைப்பது தவறு என்றேன்.

"இன்னா சார் நீங்க, லைட்டு போட்டா வான்னு அர்த்தம். தாபாக்காரன் என்னாத்துக்கு லைட்டு போடறான்?" என்றார் ஹரீஷ்குமார்.

"விடுங்க, சாருக்கு உப்புக்காத்து ஞாபகம் வந்துடுச்சு" என்றாள், ஏற்பாட்டுக்கு உதவ வந்திருந்த அவர் மனைவி சரிதா. அன்றுமுதல் கேன்டீனில் என் பெயர் லைட்ஹவுஸ் சார்.

எனக்குக் கோபம் இல்லை. பிழை திருத்தப்படாமல் கிடப்பதைத்தான் பொறுக்க முடிவதில்லை. டப்பாக்களை வைக்கும் பொறுப்பை அவரே என்னிடம் தந்தார். பூங்காவின் கோடியில், புதர்களுக்கு நடுவே, தரைமட்டமான பழங்கிணறு உண்டு; மேலே மக்கிய பலகைகள், அவற்றின் மேல் சருகு. பாதையில் வருபவருக்கு நேரே தெரியும்படி விளக்கைக் கிணற்றின் எதிர் விளிம்பில் வைத்தேன். அங்கிருந்த அபாய அறிவிப்பையும், சுற்றிப் போட்டிருந்த முள்ளையும் அகற்றினேன். ஒரே இடத்துக்கு இரண்டு எச்சரிக்கைகள் மிகை.

பூங்காவைப் பெருக்கும் செல்லி பார்த்துவிட்டாள். "அங்க கெணறு இருக்குது சார், சனங்க வர்ற நாளு."

"தெரியும்மா, நான் பாத்துக்கிடுதேன். நீ போய் டீ குடி."

சொன்னபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எதையும் முதலில் கண்டெடுப்பவர் ஹரீஷ்குமாராகவே இருக்க வேண்டும். எல்லோரையும் முந்திக்கொண்டு, கைப்பேசியில் கண்ணை நட்டபடி வந்தார். விளக்கைக் கண்டதும் சிரித்தார், நேராக நடந்தார். பலகைகள் முறிந்தன.

"சார், கைய குடுங்க சார்" என்று கீழிருந்து பலமுறை கேட்டார். லைட்ஹவுஸ் சார் என்று சொல்லவில்லை. வெறும் சார் என்றார். அந்தத் திருத்தத்தைக் கவனித்தேன்.

கீழே தண்ணீர் அடங்கிய பிறகே சரிதா அந்தப் பாதையில் வந்தாள். "அவர பாத்தீங்களா சார்?"

"இந்தப் பக்கம் வரலியே. நீங்களும் வராதீங்க, முள்ளு கெடக்கு."

அவள் திரும்பிப் போனாள். பின்னால் வந்தவர்களையும் அப்படியே திருப்பி அனுப்பினேன். அன்று அந்தக் கிணற்றிலிருந்து அத்தனை பேரையும் காப்பாற்றியவன் நான், ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.