நூத்தியெண்பது குடும்பமும் ஒரு குடும்பமும்

— நோட்டீஸ்ல நான் கையெழுத்து போடல, ஹரி. பேனாவத் தூக்கிட்டு பின்னாடியே வராத.

— நீ அசோசியேஷன் செக்ரட்டரி, சுப்ரஜா. மீட்டிங்ல தீர்மானம் பாஸ் ஆயிடுச்சு. பம்ப் ரூமுக்குப் பின்னாடி இருக்கிற அறைய வாட்ச்மேன் அந்தோணி முப்பதாம் தேதிக்குள்ள காலி பண்ணணும். அந்த எடத்துல புது தண்ணித் தொட்டி. ஆறு மணிக்குள்ள நோட்டீஸ் ஒட்டியாகணும்.

— பாஸ் ஆகல. நீ பாஸ் பண்ண வச்ச. எல்லாரும் சமோசா தின்னு முடிச்சு கிளம்பற நேரத்துல எழுந்து நின்னு இருபது நிமிஷம் லெக்சர்.

— சிம்பிளாத்தான சொன்னேன்? அரசாங்கம்னா என்ன? நெறைய பேருக்கு நெறைய நன்மை. ஒரு பக்கம் நூத்தியெண்பது குடும்பம், இன்னொரு பக்கம் ஒரு குடும்பம். எந்தப் பக்கம் கனம்? இதெல்லாம் எரநூறு வருஷத்துக்கு முன்னாடியே லண்டன்ல உக்காந்து யோசிச்சு வச்சுட்டாங்க.

— லண்டன்ல டேங்கர் வருமா சார்?

— மேரிக்கா! நீங்க எப்ப வந்தீங்க?

— கதவு தொறந்துதான் கெடந்துச்சு. பாத்திரம் பாண்டி தேய்க்க வந்தேன். தண்ணி இருக்கா சுப்ரஜாம்மா?

— ரெண்டு பக்கெட் இருக்கு மேரிக்கா. காலைல வர வேண்டிய டேங்கர் இன்னும் வரல.

— அச்சா. அப்ப தேய்க்கிறத அப்புறம் பாக்கலாம். சார், லண்டன்காரன விடுங்க. என் தம்பி அந்தோணிய கேளுங்க. பன்னெண்டு வருஷமா இந்த கேட்ல நிக்கிறான். எங்கப்பா ஆரோக்கியசாமி அந்த ரூம்லதான் படுத்திருக்காரு. காட்கி ஃபேக்டரில முப்பது வருஷம் நின்ன காலு, இப்ப ரெண்டு படி ஏறாது. ஏரவாடால என் கோலி, ஒத்த ரூமு, மாடில இருக்கு, இரும்பு ஏணில ஏறணும். அவர எங்க கொண்டு வைக்கிறது?

— கஷ்டமாத்தானுங்க இருக்கு, நான் இல்லைங்கல. ஆனா பாத்தீங்கன்னா, இது ஒரு ஒப்பந்தங்க. சேந்து வாழறப்ப ஆளாளுக்குக் கொஞ்சம் சுதந்திரத்த விட்டுக்குடுத்து, பொதுவா ஒரு அதிகாரத்த உண்டாக்கறோம். இல்லாட்டி ஒருத்தர ஒருத்தர் கடிச்சுத் தின்னுருவோம். போன வாரம் டேங்கர் பைப்புக்கு பி விங்கும் சி விங்கும் அடிச்சுக்கலீங்களா?

— அந்த ஒப்பந்தத்துல அந்தோணி எப்ப சார் சஹி போட்டான்?

— கேளுங்க மேரிக்கா. நல்லா கேளுங்க.

— கையெழுத்தே போடணும்னு இல்லீங்க. ஒருத்தர் ஒரு எடத்துல இருக்காருன்னாலே அந்த எடத்துச் சட்டத்துக்கு சம்மதம்னுதான் அர்த்தம்.

— அப்ப இருக்கட்டுமே சார். இருந்தா சம்மதம்ங்கறீங்க. சம்மதம்னா போகச் சொல்றீங்க.

— சுப்ரஜா, சிரிக்காத. மேரிக்கா, இருங்க, வேற மாதிரி சொல்றேன். இது ரொம்ப அழகான விஷயம். ஒரு அமெரிக்கர் சொன்னது. ஒரு சட்டம் போடறப்ப, நாம யாருன்னே நமக்குத் தெரியாதுன்னு வச்சுக்கணும். படிப்பு தெரியாது, வேலை தெரியாது. நாளைக்குக் காலைல பத்தாவது மாடில கண்ணு முழிப்பமா, இல்ல பம்ப் ரூமுக்குப் பின்னாடி... முழிப்பமான்னு... தெரியாமயே...

— ஏன் நிறுத்திட்ட? மேல சொல்லு.

— டீ ஆறிடும், குடிச்சுட்டு சொல்றேன்.

— டீயே போடல, ஹரி. தண்ணி இல்ல.

— சரி, நான் தப்பாவே இருக்கட்டும். தொட்டி கட்டாம தண்ணிக்கு என்ன வழி? அதச் சொல்லு.

— மெயின் லைன் நம்ம கேட்டுக்கு எதிர்லயே போகுது. அதுலேர்ந்து ஒரு கனெக்‌ஷன் குடுத்தா தொட்டியும் வேணாம், டேங்கரும் வேணாம். அதுக்குத்தான் இன்னிக்கு மூணாவது தடவையா நம்ம வார்டு கார்ப்பரேட்டர் ஆபீஸ்ல போய் நின்னேன். நீ தூங்கிட்டு இருந்த.

— என்ன சொன்னாங்க?

— உங்க பில்டிங்ல எத்தன வோட்டர்னு கிளார்க் கேட்டான். நானூறாவது இருக்கும்னு கெத்தா சொன்னேன். கம்ப்யூட்டர்ல லிஸ்ட்ட தொறந்தான். பாத்தான். பக்கத்து சீட்டுக்காரனையும் கூப்பிட்டுக் காட்டினான். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நாலு.

— நாலு நூறா?

— நாலு, ஹரி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

— நம்ம பேரு?

— உன் பேரு கோயம்புத்தூர்ல, என் பேரு மயிலாப்பூர்ல. மாத்தணும் மாத்தணும்னு ஒம்பது வருஷம். எத்தனையோ வருஷம் கழிச்சு பொங்கலன்னிக்கு இங்க வார்டு எலெக்‌ஷன் வந்துச்சு. நீ லீவுக்கு லோணாவளா ரிசார்ட்ல உக்காந்துட்டு, குடிமகனோட கடமை பத்தி குரூப்ல பதினாலு மெசேஜ் போட்ட.

— அதுக்கு நாப்பது லைக் வந்துச்சு.

— அந்த நாப்பது பேரும் லோணாவளாலதான் இருந்தாங்க!

— எங்க குடிசை பஸ்தில அன்னிக்கு காலைல ஏழு மணிக்கே லைன் சார். தண்ணி வேணும்ல.

— பாரு. மேரிக்காவுக்குப் புரியுது. கடைசில கார்ப்பரேட்டரே வெளிய வந்தார். போன தடவ பதினோரு வோட்டுலதான் ஜெயிச்சேன், நாலு சும்மா இல்லன்னார். அந்த நாலு பேரும் கையெழுத்து போட்டு மனு குடுத்தா, அடுத்த மாசமே எஞ்சினியர அனுப்பறேன்னார். வேற யார் கையெழுத்தும் வேணாமாம்.

— அட, அதுதான சரி! இப்பப் பாரு எவ்வளவு அழகா வேல செய்யுது. அந்தக் கால கிரேக்கத்துல சொல்லுவாங்க, ஊர்க்காரியத்துல கலந்துக்காதவன் முழு மனுஷனே இல்லன்னு. சுப்ரஜா, இந்த பில்டிங்ல உண்மையான குடிமக்கள் அந்த நாலு பேருதான். கமிட்டியவே அவங்க கைல குடுத்துரணும். அவங்க சொல்றதுதான் சட்டம்னு நானே எழுந்து நின்னு சொல்றேன். யாரு அவங்க?

— யாருக்குத் தெரியும்? காலைலேர்ந்து குரூப்ல கேக்கறேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல. லிஸ்ட்ட போட்டோ எடுத்துட்டு வந்தேன். மராத்தில இருக்கு. போன்ல ட்ரான்ஸ்லேட் போட்டா என்னென்னமோ மருந்து பேரு மாதிரி வருது.

— எனக்கும் அந்த எழுத்து தெரியாதே.

— இங்க குடுங்க சுப்ரஜாம்மா. நான் படிச்சது மராத்தி ஸ்கூல்தான், ஏழாவது வரைக்கும். கொஞ்சம் பெருசு பண்ணுங்க. ஹாங்.

— சத்தமா படிங்க மேரிக்கா. ஹரி, அந்தப் பேனாவ எடு. நோட்டீஸ் பின்பக்கத்துலயே எழுது.

— மொதல் பேரு... அரே தேவா.

— தேவாவா? எந்த ஃப்ளாட்டுங்க?

— அது பேரு இல்ல சார். பேரு ஆரோக்கியசாமி. அடுத்தது அந்தோணி ஆரோக்கியசாமி. மூணாவது சாந்தகுமாரி அந்தோணி. நாலாவது தினேஷ் அந்தோணி, வயசு பத்தொம்பது. ஃப்ளாட் நம்பர் போடல, கோடு மட்டும் இழுத்திருக்கு.

— ஹரி, ஏன் எழுதாம நிக்கிற?

— கையெழுத்து வேணும்னா முப்பதாம் தேதிக்குள்ள வாங்கிக்குங்க சார். அதுக்கப்புறம் இந்த பில்டிங்ல வோட்டர்னு யாரும் இருக்க மாட்டாங்க.