மஞ்சள் குறி போட்ட சென்சார்

எஞ்சின் விளக்கு எரிந்தால் எங்கள் ஊரில் எல்லாரும் பதறிப்போய் என்னிடம் வருவார்கள். பதற ஒன்றுமில்லை என்று சொல்லி முதலில் ஒரு டீ கொடுப்பேன். வண்டி தனக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் ஊரான டென்னன்ட் கிரீக்கில் பழைய டர்போ வண்டிகளைப் பார்க்க மெர்வ் ஹால்டேனாகிய என்னை விட்டால் வேறு ஆளில்லை. அந்தக் காலத்து வண்டிகளுக்குப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம். டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள பிளக்கில் இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்தால் போதும், எஞ்சின் விளக்கே கண்சிமிட்டிக் கோளாறு எண்ணைச் சொல்லிவிடும். என் மகள் பிரான்வென்னின் வண்டியும் அப்படித்தான் சொன்னது. டர்போ அழுத்தத்தை அளக்கும் சென்சார் போய்விட்டது.

அது போனாலும் வண்டி நிற்காது. சாதாரணமாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது, விளக்கும் எரியாது. ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போதுதான் அளவு தாறுமாறாகும். எஞ்சின் கெட்டுவிடக் கூடாதென்று கம்ப்யூட்டர் சட்டென்று சக்தியைக் குறைத்துவிடும். அதன் பிறகு மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். வீடு வந்து சேரத்தான் அந்த ஏற்பாடு.

நல்ல சென்சார் ஒன்றை மாட்டினேன். கெட்டதில் மஞ்சள் பெயின்ட்டால் பெருக்கல் குறி போட்டு வைத்தேன். அது என் பட்டறை வழக்கம். கெட்ட சாமானை யாரும் மறதியாகத் திரும்ப மாட்டிவிடக் கூடாது.

பிறகுதான் அவள் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கடலோரத்தில் இருக்கும் டார்வினுக்குப் போவதாகச் சொன்னாள். மீன்பிடிக் கப்பலில் சமையல் வேலையாம். அவள் அம்மாவும் டார்வினுக்குத்தான் போனாள், திரும்பவில்லை. நான் சண்டை போடவில்லை. ஆயில் மாற்றினேன், டயருக்குக் காற்றடித்தேன், வழிக்கு சாண்ட்விச் கட்டினேன். கிளம்பும் நாள் காலையில் அவள் குளிக்கப் போனபோது, குறி போட்ட சென்சாரைத் திரும்ப மாட்டினேன். நல்லதைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். வழியில் எங்காவது வண்டி முடங்கும், என்னைக் கூப்பிடுவாள், கட்டி இழுத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவள் சாவியைத் திருப்பி விளக்கைப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கேப்பா. நீ கோவத்துல எதையாவது கழட்டி வச்சிருப்பேன்னு நினைச்சேன்."

"போடி வாயாடி. நான் பார்த்த வண்டி அது," என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

வழியில் எலியட் ஊருக்கு இந்தப் பக்கம், மூன்று டேங்கர்களைக் கோத்து இழுத்துப்போன ரோடு ட்ரெயின் என்னும் நீள லாரியை அவள் முந்தும்போது பாதியில் வண்டியின் சக்தி போய்விட்டது. எதிரே மாடு ஏற்றிய லாரி வந்தது. உடனே முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

வேறு ஆளில்லாததால் போலீஸ் சார்ஜென்ட் கொலீன் பிராட் அந்த வண்டியை என்னிடமே சோதிக்கக் கொண்டுவந்தார். தீயணைப்புக்காரர்கள் வந்தவுடன் பேட்டரி வயரை வெட்டிவிடுவார்கள், அதோடு கோளாறு எண்ணும் அழிந்துவிடும். எனக்குத் தெரிந்ததுதான். ஒன்றும் பதிவாகவில்லை என்று சொன்னேன். ஆனால் கொலீன் தானே குனிந்து பார்த்தார். என் மஞ்சள் குறி இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"மெர்வ், கைதவறிக் கெட்டதை மாட்டிட்டீங்களா?" என்றார். என் மகளின் சவ அடக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். "அப்படின்னா அப்படியே சொல்லிடுங்க. யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

"கைதவறக் கூடாதுன்னுதான் குறியே போடறது, கொலீன்," என்றேன்.

அதை மாட்டியபோது பெயின்ட் அழிக்கும் தின்னர் பக்கத்திலேயே இருந்தது, குறியைத் துடைத்திருக்கலாம். நொறுங்கின வண்டியில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவள் வீடு வர வேண்டும் என்பதைத் தவிர நான் வேறொன்றும் நினைக்கவில்லை. அன்று காலை வாசலில் கூட அக்கறையாகத்தான் பேசினேன். "ரோடு ட்ரெயினை முந்தறப்போ பாதியில தயங்காத, கண்ணு. அடி வரைக்கும் மிதி," என்றேன். என் பெண் என் பேச்சைத் தட்டியதே இல்லை, டார்வின் விஷயத்தைத் தவிர.