தலைமைப் பண்பு கொஞ்சம் ஓவர்

மந்தைவெளி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள். வெளிநாட்டு உதவியில் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நம்ம கிளாஸ்ல படிக்கற செல்விக்குத் தலைமைப் பண்பு கொஞ்சம் ஓவராவே வந்துடுச்சு" என்றார் மூத்தவர்.

"என்ன பண்ணாங்க மேடம்?"

"வெளிநாட்டுக்காரங்க முன்னாடி எழுந்து, 'ஆழ்வார்பேட்டை ஓட்டலுக்கு நாங்க ஏன் அல்லாடிக்கினு வரணும்? எங்க வூட்டாண்ட கிளாஸ் வெச்சா இன்னா?'ன்னு கேட்டுட்டா."

"ஐயையோ! அப்புறம்?"

"கை தட்டினாங்க. திங்கட்கிழமைலேர்ந்து கிளாஸ் அவ இருக்கற கண்ணகி நகர்லதான்."

இளையவர் முகம் வாடிவிட்டது. "அவ்ளோ தூரம் முடியாதுன்னு டைரக்டர்கிட்ட சொல்லிடலாமே மேடம்?"

"சொல்லலாம். நீ சொல்றியா?"

"நானா? எனக்கு அப்படியெல்லாம் பேச வராது மேடம்."

"எனக்கு மட்டும் வருமா?" என்றார் மூத்தவர்.