இசோபே எம்.பி. எழுந்திருக்கவில்லை

நாகுமோ: ‘நவம்பர் 18, செவ்வாய். ஒரு சின்னத் தவறு. ரயில் பாதைச் சட்டத்துக்கு நம் தொகுதி எம்.பி. இசோபே ஆதரவு என்று ஞாயிறன்று எழுதிவிட்டேன். சபையின் இணையப் பக்கத்தில் ஆதரித்த கட்சிகளின் பெயரைப் பார்த்து எழுதியது. இன்று மதியம் காணொளியைப் பார்த்தேன். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டிய ஓட்டெடுப்பின்போது அவர் எழுந்திருக்கவில்லை. பென்சிலால் எழுதியிருந்ததால் அழிக்க முடிந்தது.’ ...ஏம்மா, என்ன இது?

தொகாஷி: என் டைரிங்க. அந்த ஒரு பக்கம் படிச்சாப் போதும்.

நாகுமோ: எம்.பி. ஆபீஸ்ல வந்து டைரிய நீட்டுற மொத ஆள் நீதான். பேரு என்ன சொன்ன?

தொகாஷி: தொகாஷி மினோரி. ஊர் மண்டபத்துல மாலை வகுப்பு நடக்குதுல்ல, ‘நம்ம எம்.பி.யைத் தெரிஞ்சுக்குவோம்’னு...

நாகுமோ: ஓ... எங்க ஐயாவ அறுத்துப் பாக்குற வகுப்பு.

தொகாஷி: அறுக்கலைங்க. பட்டியல் போடுறோம். தேர்தல்ல என்ன சொன்னாரு, சபையில என்ன செஞ்சாரு, பக்கத்துல ஒரு குறிப்பு. நாளைக்குக் காலைல மண்டபச் சுவத்துல ஒட்டணும். அதுக்கு முன்னாடி எம்.பி.யோட செயலாளர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடலாம்னு... நாகுமோ சான் நீங்கதானே?

நாகுமோ: நான்தான். இருபத்திரண்டு வருஷமா நான்தான். உக்காரு, டீ குடி. இதுல கேக்கவே ஒண்ணும் இல்ல. கட்சி ஆதரவு. ஐயா கட்சிக்காரர். ஆக, ஐயா ஆதரவு. ஞாயித்துக்கிழமை எழுதினது சரி. அழிச்சதுதான் தப்பு.

தொகாஷி: ஆனா அவரு உக்காந்திருந்தாரே.

நாகுமோ: முன்னூறு பேர் எந்திரிக்கிற எடத்துல, ஒருத்தர் உக்காந்தது உனக்குத் தெரிஞ்சிச்சா?

தொகாஷி: மூணு தடவ பாத்தேன். கடைசி வரிசை, நடுப்பாதையிலேர்ந்து அஞ்சாவது நாற்காலி. சபை போட்டிருக்கிற இருக்கைப் படத்தோட ஒத்துப் பாத்தேன். எல்லாரும் எந்திரிச்சதும் அந்த வரிசையில ஒரு பல்லு விழுந்த மாதிரி இடைவெளி.

நாகுமோ: பல்லா?

தொகாஷி: பகல்ல பல் டாக்டர்கிட்ட வேலைங்க. வரவேற்புல.

நாகுமோ: அதான பாத்தேன்... சரி, அன்னைக்கு ஐயா சபைக்கு வரல. நாற்காலி காலி. எழுதிக்க.

தொகாஷி: காலி இல்லைங்க. முன்னாடி இருக்கிறவங்க திரும்ப உக்காந்ததும் அவரு முகம் தெரியுது. கண்ணாடியக் கழட்டித் துடைச்சிக்கிட்டு இருக்காரு. வீடியோவுல ஒரு மணி நாப்பத்திரண்டு நிமிஷம், ஏழாவது வினாடி.

நாகுமோ: ...நீயெல்லாம் எங்ககிட்ட வேலைக்கு வந்திருக்க வேண்டிய ஆளு.

தொகாஷி: மன்னிக்கணும்.

நாகுமோ: சரி, மறைக்க என்ன இருக்கு. முட்டிவலி. ஐயாவுக்கு வயசு அறுபத்தொம்பது. எந்திரிக்க முடியல. அவ்வளவுதான்.

தொகாஷி: எந்தக் காலுங்க?

நாகுமோ: இடது... ரெண்டும்.

தொகாஷி: ஒரு மணி முப்பத்தஞ்சுல ரெண்டாவது சட்டத்துக்கு ஓட்டு. அதுக்கு மத்தவங்களுக்கு முன்னாடியே எந்திரிச்சாரே.

நாகுமோ: அப்படி எந்திரிச்சதுலதான் வலியே வந்துச்சு.

தொகாஷி: ‘எழுந்ததால்... வலி.’ ம், எழுதிக்கிட்டேன்.

நாகுமோ: கிண்டலா?

தொகாஷி: இல்லைங்க! சொன்னத அப்படியே எழுதுறது பழக்கம். நானா யோசிச்சு எழுதினா அநேகமா தப்பாப் போயிடும்.

நாகுமோ: நீயா என்ன யோசிச்ச? சொல்லேன்.

தொகாஷி: போன தேர்தல்ல ஸ்டேஷன் வாசல்ல பீர் பெட்டி மேல ஏறி நின்னு பேசினாரு. ‘இந்தப் பாதைய மூட ஒரு சட்டம் வந்தா நான் அதுக்கு எந்திரிக்க மாட்டேன்’னு. நான் அங்க இருந்தேன். ...எந்திரிக்கல. அதனால குறிப்புல, ‘சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்’னு எழுதியிருக்கேன்.

நாகுமோ: அத மட்டும் எழுதாத.

தொகாஷி: ஏங்க? ஊரே அவரத் திட்டிக்கிட்டு இருக்கு. எங்க டாக்டர்கிட்ட வர்றவங்க வாயத் தொறந்துக்கிட்டே திட்டுறாங்க.

நாகுமோ: எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் இந்த மாசம் இந்த வாசல்ல முள்ளங்கி குமிஞ்சு கெடக்கும். ஆளாளுக்குக் கொண்டாந்து போட்டுட்டுப் போவாங்க. ஊறுகா போட்டு மாளாது. இந்த வருஷம் ஒத்த முள்ளங்கி வரல. நேத்து கடையில வாங்கினேன்.

தொகாஷி: அப்ப இது நல்ல சேதிதானே?

நாகுமோ: ஊருக்கு நல்ல சேதி. ஆனா சீட் குடுக்கிறது ஊரு இல்லம்மா. வெள்ளிக்கிழமை டோக்கியோவுல கட்சிக் கூட்டம். அடுத்த தேர்தலுக்கு யாருக்கு சீட்டுன்னு அன்னைக்கு முடிவாகுது. ‘கொறடா சொன்னத மீறி உக்காந்தாரு’ன்னு நீ சுவத்துல ஒட்டு... படம் புடிச்சு அனுப்பறதுக்கு இந்த ஊர்லயே பத்துப் பேர் இருக்கான்.

தொகாஷி: சட்டம் நிறைவேறிடுச்சே. ஒருத்தர் உக்காந்ததுல என்ன கெட்டுச்சு?

நாகுமோ: ஒருத்தர விட்டா அடுத்த தடவ பத்துப் பேர் உக்காருவான். அது கொறடாவோட கவல. ...ஆமா, நீ வகுப்பு முடிஞ்சு எதுல வீட்டுக்குப் போற?

தொகாஷி: ஒம்பது பதினேழு ரயில்.

நாகுமோ: அந்தப் பாதையிலயா?

தொகாஷி: ...அந்தப் பாதையிலதான்.

நாகுமோ: பாத்தியா. உனக்கு ஒரு வீரன் வேணும். அதான் முட்டிவலிக்காரர வீரனாக்கப் பாக்குற.

தொகாஷி: இருக்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சு. அதனாலதான் மூணாவது தடவ பாத்தேன்.

நாகுமோ: கோவமே வராதா உனக்கு? ...இரு, போன் அடிக்குது. ஹலோ, இசோபே அலுவலகம். ...ஆமாங்க, நாகுமோதான் பேசுறேன். ...ஆமாங்க. கடிதம் நேத்தே தபால்ல போட்டாச்சுங்க. ...இல்லைங்க, ஐயாவுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. காகிதத்துல வரிசைய மாத்தி எழுதினது நான். முழுக்க என் தப்புங்க. ...ரொம்ப மன்னிக்கணும். ...வெள்ளிக்கிழமை நேர்லயும் வந்து மன்னிப்புக் கேட்டுக்கிறேன். ...சரிங்க. ரொம்ப மன்னிக்கணும். வச்சிடுறேங்க.

தொகாஷி: போன்லதானே பேசுனீங்க... இடுப்பு வரைக்கும் குனியுறீங்க.

நாகுமோ: பழக்க தோஷம். எங்க விட்டோம்? முட்டி.

தொகாஷி: காகிதம்.

நாகுமோ: என்ன காகிதம்?

தொகாஷி: இப்ப போன்ல சொன்னீங்களே. வரிசைய மாத்தி எழுதினதா...

நாகுமோ: காத வீட்ல கழட்டி வச்சிட்டு வந்திருக்கக் கூடாதா நீ... சரி, கேளு. சபைக்குப் போறவங்க கையில ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். ஒண்ணாவது எந்திரி, ரெண்டாவது எந்திரி, மூணாவது எந்திரி, நாலாவது உக்காரு. இவ்வளவுதான் அதுல. அத டோக்கியோ செயலாளர் எழுதிக் குடுப்பாரு. அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல், நான் போயிருந்தேன். மூணையும் நாலையும் மாத்தி எழுதிட்டேன். ஐயா அதப் பாத்து உக்காந்துட்டாரு.

தொகாஷி: அப்ப முட்டி?

நாகுமோ: முட்டி ஊருக்கு. காகிதம் டோக்கியோவுக்கு.

தொகாஷி: எதுக்குங்க ரெண்டு?

நாகுமோ: யோசிச்சுப் பாரு. துண்டுக் காகிதத்தப் பாத்து எந்திரிக்கிறவருன்னா ஊர்ல எவன் ஓட்டுப் போடுவான்? முட்டிவலின்னா ‘பாவம்’னு போடுவான். டோக்கியோவுல முட்டிவலின்னு சொன்னா ‘அப்ப வயசாயிடுச்சு, சின்னவன் எவனாச்சும் இருந்தாப் பாருங்க’ம்பாங்க. செயலாளர் தப்புன்னா அங்க எல்லாருக்கும் நிம்மதி.

தொகாஷி: அந்தக் கடிதம்...?

நாகுமோ: ராஜினாமா. தப்பு பண்ணினவன் போனாத்தானே அது தப்புன்னு நம்புவாங்க.

தொகாஷி: இருபத்திரண்டு வருஷம்னு சொன்னீங்க...

நாகுமோ: டீ ஆறுது பாரு.

தொகாஷி: அப்ப அவரு சொன்ன சொல்லக் காப்பாத்தல. காகிதத்துல இருந்தத செஞ்சாரு.

நாகுமோ: அவ்வளவுதான். வருத்தமா?

தொகாஷி: கொஞ்சம். ...இருங்க. மூணையும் நாலையும் மாத்திட்டீங்க. மூணுக்கு உக்காந்தாரு. அப்ப நாலுக்கு எந்திரிச்சிருக்கணும் இல்ல? நாலாவது எதிர்க்கட்சி கொண்டாந்த தீர்மானம். உங்க ஆளுங்க முன்னூறு பேரும் உக்காந்தே இருக்கணும். அதுல அவர் ஒருத்தர் மட்டும் எந்திரிச்சிருந்தா கம்பம் நட்ட மாதிரி தெரிஞ்சிருக்கும்.

நாகுமோ: ...அதையும் பாத்தியா?

தொகாஷி: உக்காந்துதான் இருந்தாரு, நாகுமோ சான். காகிதத்துல தப்பே இல்ல. அப்படித்தானே?

நாகுமோ: அந்த நோட்ட மூடு.

தொகாஷி: மூடிட்டேன்.

நாகுமோ: பென்சில்?

தொகாஷி: கீழ வச்சிட்டேன்.

நாகுமோ: காகிதத்த நான் சரியாத்தான் எழுதினேன். உள்ள போற கதவுகிட்ட அத என்கிட்டயே திருப்பிக் குடுத்தாரு. ‘என்னங்க ஐயா’ன்னேன். ‘நாலே நாலு ஓட்டு. ஞாபகம் இருக்காதா எனக்கு’ன்னாரு. உள்ள போயிட்டாரு.

தொகாஷி: ஞாபகம்...

நாகுமோ: நல்லாவே இருந்துச்சு. வெளிய வந்ததும் ‘கொறடாகிட்ட நானே போய்ச் சொல்லிடுறேன்’னாரு. கையப் புடிச்சு இழுத்து நிறுத்தினேன். அன்னைக்கு உக்காந்தது ஒரு ஓட்டு. அடுத்த தடவ உள்ளயே இல்லன்னா அந்த ஒண்ணும் கிடையாது. பாதைய மூடுறதுக்கு இன்னும் நாலஞ்சு இடத்துல ஒப்புதல் வாங்கணும், தெரியுமா உனக்கு? அங்கெல்லாம் போய் உக்கார ஒரு ஆள் வேணாமா?

தொகாஷி: கடிதம் போட்டது அவருக்குத் தெரியுமா?

நாகுமோ: வெள்ளிக்கிழமை முடியிற வரைக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நேரா கொறடா வீட்டுக்குப் போயிடுவாரு. அப்படி ஒரு மனுஷன்.

தொகாஷி: டோக்கியோவுலயும் அந்த வீடியோ இருக்குமே. நாலாவத அவங்களும் பாக்கலாமே?

நாகுமோ: அவங்களுக்கு வேண்டியது ஒரு காரணம். அது கெடச்சாச்சு. கெடச்சப்புறம் யார் போய் சரிபாக்கப் போறா? ஆனா ஒரு ஊர்ச் சுவத்துல ‘சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்’னு எழுதி ஒட்டினா பாத்துத்தான் ஆகணும். ...தொகாஷி சான். அந்த ஒரு வரி. நான் கேக்கிறது அவ்வளவுதான்.

தொகாஷி: ‘ஆதரவு’ன்னு எழுத மாட்டேன்.

நாகுமோ: வேணாம்.

தொகாஷி: ‘முட்டிவலி’ன்னும் எழுத மாட்டேன். காகிதம் மாறிப்போச்சுன்னும் எழுத மாட்டேன்.

நாகுமோ: பின்ன என்னதான் எழுதுவ?

தொகாஷி: ‘அமர்ந்திருந்தார்.’ பாத்தது அதான். குறிப்ப அழிச்சிடுறேன், அந்த எடம் காலியா இருக்கட்டும். ஏன் உக்காந்தாருங்கிறத நான் பாக்கலையே. நீங்க சொன்னீங்க, அப்ப நோட்டு மூடி இருந்துச்சு.

நாகுமோ: ‘அமர்ந்திருந்தார்’... அது போதும். டோக்கியோக்காரன் படிச்சா காகிதம்னு நினைச்சுக்குவான். இங்க இருக்கிறவங்க... அவங்க என்ன நினைப்பாங்க?

தொகாஷி: தெரியல. ஆனா பீர் பெட்டி மேல அவர் சொன்னது பக்கத்துக் கட்டத்துலயே இருக்கு.

நாகுமோ: ...ரப்பர் இந்தா. நல்லா அழி, தடம் தெரியக் கூடாது. ஆமா, அந்த நாலாவது? ‘உக்காந்தாரு’ன்னு அதையும் எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கியா? அது வெளிய வந்தா என் கடிதம் வெறுங்காகிதம்.

தொகாஷி: நானும் ஒண்ண மறைச்சிட்டேன், நாகுமோ சான். நாலாவது ஓட்டெடுப்ப நான் பாக்கவே இல்ல. ரயில் சட்டம் முடிஞ்சதும் வீடியோவ நிறுத்திட்டேன். அவரு எந்திரிச்சாரா, உக்காந்தாரா, எனக்குத் தெரியாது. சும்மா சொல்லிப் பாத்தேன். மன்னிச்சிடுங்க. ...பென்சில எடுத்துக்கலாமா? டைரியில நாளைக்கு உள்ளத எழுதிடுறேன், நீங்களே பாருங்க. ‘நாளை, புதன். காலை எட்டரைக்கு மண்டபத்தில் பட்டியலை ஒட்ட வேண்டும். பட்டியலில் சட்டங்கள் மட்டும். நாலாவது ஓட்டு தீர்மானம் என்பதால் அதைப் பார்க்க வேண்டியதில்லை.’