கமலாத்தாள் மறைத்த மூங்கில் கட்டு

என் பெயர் கமலாத்தாள். வயது 41. கணவர் பெயர் ஆறுச்சாமி. கோவிந்தாபுரத்தில் குடியிருக்கிறேன். ஐந்து எருமைகள் வைத்துப் பால் கறந்து ஊற்றுகிறேன். டாக்டர் வெங்கிடேஸ்வரன் பேரில் நாங்கள் கொடுத்த மனு சம்பந்தமாக விசாரிக்க, நான் கூறுவதாவது:

சென்ற ஆவணி மாதம் காலையில் பால் கறக்கும்போது எருமை உதைத்து நான் கல்லில் விழுந்ததில், வலது முழங்கால் எலும்பு விரிசல் விட்டுவிட்டது. பாலக்காட்டில் இந்த டாக்டரின் ஆசுபத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் எக்ஸ்ரே படம் பார்த்து, காலைக் கிழிக்காமல், விரல் நகம் அளவில் இரண்டு ஓட்டை மட்டும் போட்டு, அது வழியாகத் திருகாணி முடுக்கினார். இரண்டு மாதம் காலை ஊன்றக்கூடாது, ஆனால் தினமும் மடக்கி நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும் என்றார். தலையாட்டினேன்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்ததும், உடைந்த எலும்பை ஆட்டினால் கூடுமா என்று என் கணவர் கேட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது. என் பெரியம்மா மகன் பொங்கியண்ணன் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர். அவர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். நாற்பத்தைந்து நாள் அசையாமல் கிடந்தேன். அவிழ்த்துப் பார்த்தால் கால் உலக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. குத்தவைத்து உட்கார முடியாமல் எப்படிக் கறப்பது? வேறு யாரையும் எருமைகள் மடியில் கைவைக்க விடவில்லை.

அதன் பிறகு என் கணவர் ஸ்டேஷனுக்கு வந்து, "ரெண்டு ஓட்டையப் போட்டு ஆபரேசன்னு ஏமாத்திப்போட்டாருங்க" என்று சொல்லி மனு கொடுத்தார். நான் கைரேகை வைத்தேன். சொன்னால் பொங்கியண்ணனைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து, கட்டுப் போட்டதை இருவரும் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை டாக்டர் ஆபரேஷன் செய்யக்கூடாது என்று நிறுத்திவைத்தார்கள்.

அதன் பிறகு டாக்டர் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்துத்தான் போனேன். படம் எடுத்துப் பார்த்ததில் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. தொடையில் மூங்கில் பத்தை அழுத்திய தழும்பு நான்கு இருந்தது. கட்டுப் போட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தழும்பைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணப்படாதுன்னு சொல்லிட்டா. நேக்கு நிறைய நேரம் இருக்கு. நீங்க காலை மடக்குங்கோ" என்றார்.

அதன் பிறகு என்னை அங்கேயே தங்கவைத்து, ஐம்பது நாள், தினமும் கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, என் காலைத் தன் கையில் தாங்கி மடக்கவைத்தார். வலி பொறுக்காமல் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஒரு விரற்கடை கூடுதலாக மடங்கினால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். தன் பேரில் புகார் கொடுத்தவளின் காலைப் பிடித்து வேலை செய்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் பேரில் குற்றம் இல்லை. காலைக் கெடுத்தது நாங்கள் போட்ட கட்டு. பொய் மனுவுக்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் கொடுக்கலாம். அவரை ஆபரேஷன் செய்ய விட வேண்டும்.

இன்று காலை ஐந்து எருமையையும் நானே கறந்துவிட்டு வந்தேன்.

மேலே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்ததும் இதுதான், நான் சொன்னதும் இதுதான். மனுவில் வைத்த அதே இடது பெருவிரலை இதிலும் வைக்கிறேன். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். தரையில் குத்தவைத்து உட்கார்ந்துதான் வைத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கமலாத்தாள், இடது பெருவிரல் ரேகை
11.2.1978