கோயில் வளைவில் விழாத வருஷம்

— கயித்தை விடு கயோ, நான் இழுத்துக்கிறேன். உனக்கு மூச்சு வாங்குது.

— வாங்கட்டும். சப்போரோவுல எனக்கு மேடு ஏறுற வேலையே இல்ல. அக்கா கடையில ஒரே எடத்துல நின்னு சோத்துப் பொட்டி கட்டுறேன், அவ்வளவுதான். நீங்க முன்னாடி இழுங்க, நான் பின்னாலேருந்து தள்ளுறேன்.

— ம்.

— என்ன ‘ம்’? இசாமுன்னு பேர் வெச்சதுக்குப் பதிலா ‘ம்’னே வெச்சிருக்கலாம் உங்கம்மா.

— நீ வருவேன்னு நெனக்கல. அந்த விவாகரத்துத் தாளைத் தபால்லயே அனுப்பியிருப்பேன்.

— தபால்ல தொலைஞ்சு போச்சுன்னா? அதுவும் இல்லாம, சறுக்கு வண்டிப் போட்டிக்கு என் பேரையும் சேத்துல்ல குடுத்திருக்கீங்க. ஜோடி ஆள் இல்லாம மலை உச்சியில தனியா நின்னா ஊரே சிரிக்கும்.

— நான் குடுக்கல. போட்டி நடத்துற சுகவாரா அவனா எழுதிக்கிறான், வருஷா வருஷம். நம்ம விஷயம் அவனுக்குத் தெரியாது.

— இந்த ஊர்ல இன்னும் தெரியாத ஆள் ஒருத்தர் இருக்காரா!

— நீ அக்காவுக்கு ஒத்தாசையா போயிருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— போன வசந்தத்துலேருந்தா? நல்ல ஒத்தாசைதான் போங்க.

— பாத்து. இங்க ஐஸ் கட்டியிருக்கு, காலை அமுத்தி வை.

— பொறந்ததுலேருந்து இந்தப் பனியிலதான் நடக்குறேன். எட்டு மாசத்துல மறந்துருமா?

— ஒரு நாளைக்கு வர்றதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பை? ஸ்டேஷன்ல வெக்கும்போதே கேக்கணும்னு நெனச்சேன்.

— குளிர்காலத் துணி. என்னமோ எடுத்தேன், என்னமோ வெச்சேன். சரி, இது என்ன வண்டி இவ்வளவு கனமா இருக்கு? என்ன சேத்தீங்க?

— பின்பலகை ரெண்டுக்கும் அடியில இரும்புப் பட்டை அடிச்சிருக்கேன். வழுக்காம பிடிக்கும். பிரேக்குக்கு மண்கிளறி ஒண்ணு இருந்துச்சுல்ல, அதோட பல்லை வளைச்சு வெச்சேன். நீ ஒக்கார்ற எடத்தையும் ஒரு சாண் முன்னாடி தள்ளிட்டேன். பின்னால கனம் ஜாஸ்தியானா முன்பலகை தரையை விட்டுத் தூக்கிரும். அப்பறம் ஹேண்டில்பாரை எப்படித் திருப்பினாலும் வண்டி கேக்காது.

— அடேங்கப்பா. ஒரு மூச்சுல இவ்வளவு பேசுறீங்க! வண்டியைப் பத்திக் கேட்டா மட்டும் வாய் எங்கேருந்துதான் வருதோ.

— நீ கேட்ட, சொன்னேன்.

— மெழுகு தேய்ச்சீங்களா? கவுத்துப் போடுங்க, நான் தேய்க்கிறேன். அது எப்பவும் என் வேலைதானே.

— வேண்டாம், வேண்டாம். தேய்ச்சாச்சு. நேத்தே.

— எந்த மெழுகு?

— அப்பா படத்துக்கு ஏத்துற மெழுகுவத்தி. அடிக்கட்டை எல்லாம் சேத்து உருக்கினேன்.

— மாமனாரு உசுரோட இருந்தா இந்த வண்டியிலயே உங்களை மலையிலேருந்து உருட்டி விட்டிருப்பாரு. ஏங்க, கைப்பிடியில எதுவும் மாத்தலையே?

— இல்ல.

— அப்படியேதான் இருக்கா?

— அப்படியேதான்.

— சரி.

— ஏன் கேக்குற?

— சும்மாத்தான். சாப்பாட்டுக்கெல்லாம் என்ன பண்றீங்க?

— ஏதோ. சோறு வடிக்கிறேன், முள்ளங்கியைப் போட்டுக் குழம்பு வெக்கிறேன். அந்தக் காய் நறுக்குற பலகைதான் ரோதனை. ஒரு மூலையே இல்ல அதுல. நறுக்குற முள்ளங்கி எல்லாம் அந்தப் பக்கமா வழிஞ்சு தரையில உருளுது. எப்ப ஒடஞ்சுச்சு அது?

— ஆச்சு ரொம்ப வருஷம். இத்தனை நாளா உங்க கண்ணுல படவே இல்லையா?

— நான் எப்ப அடுப்படிக்கு வந்தேன்?

— அதான். வரலையே. கோவிச்சுக்காதீங்க. சண்டைக்குச் சொல்லல. நமக்குச் சண்டையே வந்ததில்லையே. நீங்க சைக்கிள் பட்டறையில, நான் அடுப்படியில, நடுவுல ஒரு கதவு. ‘சாப்பாடு ரெடி’ம்பேன், ‘வரேன்’ம்பீங்க. ‘குளிக்கத் தண்ணி காஞ்சிருச்சு’ம்பேன், ‘ம்’ம்பீங்க. அவ்வளவுதான் நம்ம கதை. அக்கா கேட்டா, ‘அடிச்சாரா? குடிச்சாரா?’ன்னு. ஒண்ணுமே இல்லக்கான்னேன். ‘அப்பறம் எதுக்குடி வந்தே?’ன்னா.

— எனக்குப் பேச வராது கயோ.

— தெரியும்.

— வந்திருந்தா...

— விடுங்க. மொத வருஷம் ஞாபகம் இருக்கா? நான்தான் முன்னாடி. குறுக்குக்கட்டையைக் காலால மிதிச்சுத் திருப்பணும். நீங்க பின்னாலேருந்து ‘எடது, எடது’ன்னு கத்துறீங்க. நான் எடது காலை அமுத்துறேன், வண்டி வலது பக்கமா போயி போஸ்ட் மாஸ்டரு காலை வாரி விட்டுச்சு!

— எடது காலை அமுத்தினா வலதுக்குத்தான் போகும்.

— அதை அப்பறமா சொல்லுங்க. அந்த மனுஷன் ஒரு வருஷம் நம்ம வீட்டுக்குக் கடுதாசியே போடல.

— அதான் அடுத்த வருஷமே சைக்கிள் ஹேண்டில்பாரைப் பொருத்திட்டேன்ல.

— பொருத்தி? போஸ்ட் மாஸ்டரு தப்பிச்சாரு, நாம கோயில் வளைவுல போயி விழுந்தோம். தலைகீழா. என் ஒத்தைக் கையுறையைக் காணோம். நீங்க நாய் மாதிரி பனியைத் தோண்டித் தோண்டித் தேடுனீங்க.

— அன்னிக்கு நீ சிரிச்ச பாரு...

— சிரிக்காம? மூக்குல, காதுல எல்லாம் பனி உங்களுக்கு. ஒரு கையில கையுறை, இன்னொரு கையால என்னைப் புடிச்சுத் தூக்குறீங்க. தூக்கினப்பறமும் கையை விடல. வீடு வரைக்கும் விடல.

— வழுக்கிச்சு அன்னிக்கு.

— ஆமா. வருஷா வருஷம் அன்னிக்கு மட்டும்தான் வழுக்கும்.

— ...சுகவாரா பாத்துட்டான். மைக்கைத் தூக்கிக்கிட்டு வரான். ஒண்ணும் சொல்லிராத.

— டேய் இசாமு! வாடா வா! அண்ணி, வாங்க! சப்போரோ போயி வெளுத்துட்டீங்களே! சொல்லிப்புட்டேன், இந்த மைக்கைப் புடிச்ச நாள்லேருந்து உங்க ஜோடியை அறிவிக்கிறதுதான் எனக்குப் புடிச்ச வேலை!

— ஏன் சுகவாராண்ணே, விழுறதைப் பாக்கவா?

— பின்ன? சனம் எல்லாம் முடியற எடத்துலயா நிக்குது? கோயில் வளைவுல நிக்குது, பாருங்க! பன்றிக்கறி சூப்பு விக்கிற கெழவியே அங்கதான் கடை போட்டிருக்கு. நாலு பேரை மண்வெட்டியோட நிறுத்தி வெச்சிருக்கேன், உங்களைத் தோண்டி எடுக்க.

— வண்டியை நல்லா பண்ணியிருக்கேன்டா இந்த வருஷம்.

— வருஷா வருஷம் நல்லாத்தான்டா பண்ற! ரெண்டாவது வருஷம் வளைவோட வேலிகிட்ட விழுந்தீங்க. அப்பறம் வேலியைத் தாண்டி விழுந்தீங்க. போன வருஷம் கோயில் மரத்தடி வரைக்கும் போயிட்டீங்க. விழுற தூரம்தான்டா முன்னேறுது! அடுத்த வண்டி நீங்கதான். ஒக்காருங்க, ஒக்காருங்க. அண்ணி, அவனை நல்லாக் கட்டிப் புடிச்சுக்கங்க, புருஷன்தானே!

— ...ம்.

— பாருங்கடா, அண்ணிக்கும் இவன் ‘ம்’ தொத்திக்கிச்சு! நான் கொடிகிட்ட போறேன். கொடி எறங்கினதும் தள்ளு!

— கயோ.

— சொல்லுங்க.

— தாள்ல என் முத்திரையைக் குத்திட்டேன். கோட்டு உள்பையில இருக்கு. கீழ போனதும் தரேன்.

— ...குத்திட்டீங்களா?

— நீ கேட்டு அனுப்பின. இழுத்தடிக்கக் கூடாதுல்ல.

— ஆமா. கூடாது.

— இன்னும் முன்னாடி வா. நெருங்கி ஒக்காரு. கனம் முன்னாடி வரணும்.

— வந்துட்டேன்.

— கையைச் சுத்திப் போட்டுக்க.

— போட்டுட்டேன். உங்க கோட்டுல கிரீஸ் வாசனை அப்படியே இருக்கு. தோய்க்கவே இல்லையா?

— நேரம் இல்ல.

— பொய்.

— கொடி எறங்குது. புடிச்சுக்க!

— அம்மாடி! என்ன இவ்வளவு வேகம்!

— மெழுகு!

— மாமா, மன்னிச்சிருங்க!

— பெரியவங்களே, சின்னவங்களே! வருது பாருங்க, நம்ம சைக்கிள் கடை இசாமுவும் கயோ அண்ணியும்! ஊரோட ஆதர்ச ஜோடி! கோயில் வளைவுல இருக்கிறவங்க எல்லாம் ஒதுங்கி நில்லுங்க, மண்வெட்டிக்காரங்க ரெடியா இருங்க!

— கயோ, வளைவு வருது. என்னோட சேந்து எடது பக்கமா சாயணும். சரியா?

— ஏங்க...

— எடது! சாய்!

— திருப்பாதீங்க!

— என்னது?

— திருப்பாதீங்கங்க! விட்டுருங்க, அப்படியே விட்டுருங்க!

— பயப்படாத! இப்ப திரும்பும் பாரு!

— திருப்பா...

— அட! அட அட அட! திரும்பிருச்சு! சனங்களே, திரும்பிருச்சு! கோயில் வளைவைத் தாண்டிட்டாங்க! ஏய், மண்வெட்டியைக் கீழ போடுங்கடா! டேய் இசாமு! என் கண்ணுல தண்ணியே வந்திருச்சுடா!

— தாண்டிட்டோம் கயோ. முடிவுக் கோட்டைத் தாண்டிட்டோம். நிறுத்துறேன், பிரேக் போடுறேன், புடிச்சுக்க. வந்துட்டோம். பின்னால பாரு, வளைவு எங்க இருக்குன்னு.

— பாத்தேன்.

— எறங்கு. கை குடு.

— வேண்டாம். சமதரையா இருக்கு, நானே எறங்கிக்கிறேன்.

— அண்ணி! ஓடி வந்ததுல எனக்கே நாக்குத் தள்ளுது! எப்படி இருக்கு அண்ணி, மொதல் தடவையா முழுசா வந்து சேந்திருக்கீங்க! மைக்ல சொல்லுங்க, ஊரே கேக்குது!

— நல்லா... நல்லா வண்டி பண்ணியிருக்காரு. அவ்வளவுதான் சுகவாராண்ணே.

— கண்ணு கலங்குது பாருங்க சனங்களே, ஆனந்தக் கண்ணீர்! டேய், பரிசு உருளைக்கிழங்கு மூட்டை. அப்பறமா வந்து தூக்கிக்க. நான் மேல போறேன், அடுத்த வண்டி நிக்குது. சொல்லிப்புட்டேன் இசாமு, இனிமே உன்னைக் கிண்டல் பண்ண எனக்கு ஒண்ணுமே இல்லடா!

— போயிட்டான். பாவம், அவனுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்.

— தாளைக் குடுங்க.

— இந்தா. மடிப்புல கொஞ்சம் ஈரமாயிருச்சு.

— பரவால்ல. சாயங்கால ரயிலுக்கே கெளம்பிருறேன்.

— ராத்திரி தங்கிட்டுப் போலாமே. சுகவாராவுக்குச் சந்தேகம் வராம இருக்கும்.

— சுகவாராவுக்காகத் தங்கணுமா?

— ...

— ஏதாவது சொல்லுங்க. ‘ம்’முன்னாவது சொல்லுங்க.

— பையை நான் தூக்கிட்டு வந்து ரயில்ல ஏத்தி விடுறேன்.

— வேண்டாம். அவுக்கவே இல்லையே அதை, வந்த மாதிரியே திரும்பிப் போகுது.

— உன் கையுறை ரெண்டும் இருக்கா?

— ரெண்டும் இருக்கு. இந்த வருஷம் எதுவும் தொலையல.

— வளைவுல எதுக்கு அப்படிக் கத்துன? பயந்துட்டியா?

— அப்படியே வெச்சுக்கங்க.

— கயோ, ஒண்ணு சொல்லணும் உங்கிட்ட. திட்டினா திட்டு. கைப்பிடியில எதுவும் மாத்தலன்னு சொன்னேன்ல? பொய். இதோ பாரு, இந்தக் கட்டை. கைப்பிடித் தண்டுக்கு அடியில செருகி வெச்சிருந்தேன். இது இருந்தா எடது பக்கம் முழுசாத் திரும்பாது. நேத்து ராத்திரிதான் உருவி எடுத்தேன்.

— எதுக்கு வெச்சீங்க?

— மொத தடவை நெசமாவே தெரியாமதான் விழுந்தோம். அன்னிக்கு நீ சிரிச்ச. கையைக் குடுத்த. அடுத்த வருஷமும் அது வேணும்னு இருந்துச்சு. சும்மா இருக்கும்போது கையைப் புடிக்க எனக்குத் தெரியல கயோ. வெக்கமா இருக்கும். விழுந்தா எல்லாரும் தூக்குவாங்க, யாரும் ஒண்ணும் நெனக்க மாட்டாங்க. அதான்.

— இப்ப எதுக்கு எடுத்தீங்க?

— ஊர் முன்னாடி வருஷா வருஷம் உன்னை விழ வெச்சேன். அதனாலதான் உனக்கு வெறுத்துப் போச்சுன்னு நெனச்சேன். கடைசியா ஒரு தடவையாவது, என் வண்டியில நீ ஒழுங்கா போய்ச் சேரணும்னு... எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் இது. சொல்லாமலே விட்டிருக்கலாம். மனசு கேக்கல.

— அந்தக் கட்டையைத் திருப்பிப் பாருங்க.

— ஏன்?

— பாருங்க. அடிப்பக்கம். கோடு கோடா இருக்கா?

— இருக்கு. கத்தி பட்ட மாதிரி.

— உங்க கட்டை நாலாவது வருஷமே பொளந்து போச்சுங்க. மெழுகு தேய்க்கக் கவுத்தப்ப என் கையிலயே ரெண்டு துண்டா வந்திருச்சு. நீங்க கையில வெச்சிருக்கிறது நம்ம காய் நறுக்குற பலகையோட மூலை. நான்தான் அறுத்து வெச்சேன்.