நல்ல மேப்பிள் கட்டில்

மழை பெய்கிற சனிக்கிழமையில் நல்ல நாற்காலி கிடைக்காது. விற்க வைத்த பழைய சாமான்களை உள்ளே தள்ளிவிட்டு கராஜ் கதவைப் பாதி இறக்கியிருப்பார்கள். கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்க்கக்கூட இடம் இருக்காது. நீங்கள் கட்டிலைப் பற்றித்தான் கேட்டீர்கள், தெரியும். ஆனால் எங்கள் ஊரில் பழைய சாமான் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகிறது என்று தெரியாமல் கட்டிலின் கதை உங்களுக்குப் புரியாது.

வசதியானவர்கள் இருக்கிற மேட்டுத் தெருக்களில், வேண்டாத சாமானை வாசலில் பரப்பி விற்கிற கராஜ் விற்பனை வருஷத்துக்கு ஒருமுறைதான். மே மாதத்தில் குடியிருப்போர் சங்கம் ஒரு சனிக்கிழமையைக் குறித்துக் கொடுக்கும். அன்று எல்லாக் கதவும் திறக்கும். அவர்களுக்குப் பணம் வேண்டாம், இடம் வேண்டும். மத்தியானம் ஆனதும் விற்காததை நடைபாதை ஓரம் வைத்து 'இலவசம்' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். கீழே ஆற்றோரத்தில் கராஜ் ஏது? புல்லில் போர்வை விரிப்பார்கள், குழந்தைத் துணியைக் கம்பிவேலியில் தொங்கவிடுவார்கள். வெயில் காலம் முழுக்க வாராவாரம் விற்பனை நடக்கும். வாடகை நாள் நெருங்கினால் ஒரே தெருவில் மூன்று நான்கு வீடுகளில் நடக்கும்.

இன்னொன்றும் உண்டு. மேட்டில் இலவசம் என்றால் அதிர்ஷ்டம். கீழே இலவசம் என்றால் மூட்டைப்பூச்சி. யாரும் தொட மாட்டார்கள். ஒரு விலை ஒட்டினால்தான் நம்புவார்கள்.

நான் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தேன். என்னிடம் ஒரு பிக்கப் வண்டி இருந்தது. மேட்டில் எடுத்ததைக் கீழே என் அக்கா வீட்டுப் புல்லில் விரிப்பேன். நான் இல்லாவிட்டால் ஆற்றோரத்தில் பாதி வீடுகளில் சாப்பாட்டு மேசை இருந்திருக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டில் மேட்டில் பெவர்லி ஹோல்கம்ப் வீட்டு வாசலில் நின்றது. குழந்தைக் கட்டில், மேப்பிள் மரம், ஒரு பக்கத் தட்டி கீழே இறங்குகிற பழைய வகை. இப்போது சட்டப்படி அதை யாரும் விற்கக் கூடாது. தட்டியில் பச்சை டேப் ஒட்டி, பெவர்லி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'தட்டி கழன்று இடைவெளி விடும். குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள்.'

"லோர்னா, அதை மட்டும் விட்டுடு. குப்பை வண்டிக்குன்னு வச்சிருக்கேன்," என்றாள். "உன்னைத் தெரியாதா எனக்கு? விட்டா என் வீட்டுக்காரர் நெத்தியிலயும் விலை ஒட்டி வித்துடுவ."

"அவர யாரு வாங்குவா? இந்தக் கம்பெல்லாம் தக்காளிச் செடிக்கு ஊணக் கேக்கறேன்."

சிரித்துக்கொண்டே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாள். நான் பொய் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை தக்காளியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்ஸா என் அக்கா வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி மாடியில் குடியிருந்தாள். கோழி வெட்டும் ஆலையில் வேலை, வயிற்றில் முதல் குழந்தை, கூட யாரும் இல்லை. பிள்ளை பிறந்தால் துணி அலமாரியின் டிராயரை இழுத்துத் தரையில் வைத்து, அதில் படுக்க வைக்கப்போவதாகச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அது தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் டேப்பை உரித்தேன். பசை போகச் சமையல் எண்ணெய் தடவித் துடைத்தேன். தட்டிக்கு இரண்டு திருகாணி போட்டு அமுக்கிப் பார்த்தேன். நின்றது.

"மிஸ் லோர்னா, இதுல எதுவும் கோளாறு இல்லல்ல?" என்று டெஸ்ஸா கேட்டாள்.

"மேட்டுல இருந்து வந்தது, கண்ணு. ரெண்டு புள்ளைங்க இதுல வளர்ந்திருக்கு."

அது உண்மை. அவளுக்குச் சும்மா கொடுக்கத்தான் நினைத்தேன். கொடுத்திருந்தால் ஏன் இலவசம் என்று யோசித்திருப்பாள், தட்டியை ஆட்டிப் பார்த்திருப்பாள். அதனால் விலை ஒட்டினேன். பேரம் பேசிக் குறைத்து வாங்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

மைலோ நல்ல குழந்தை. யாரைப் பார்த்தாலும் கையை நீட்டுவான். உட்காரப் பழகியிருந்தான். அந்த இலையுதிர் காலத்தில் ஒரு காலை டெஸ்ஸா எழுந்து பார்த்தபோது தட்டி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. குழந்தை தட்டிக்கும் மெத்தைக்கும் நடுவில் இருந்தான்.

போலீஸில் விபத்து என்று முடித்துவிட்டார்கள். துக்க வீட்டுக்குச் செய்கிற மாதிரி நான் சீஸ் போட்டு உருளைக்கிழங்கு வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன். டெஸ்ஸா அந்தத் தட்டைப் பார்க்கவே இல்லை.

"படி குறுகல்னு கழட்டித்தான் மேல ஏத்தினேன்," என்றாள். "திரும்ப மாட்டும்போது நான்தான் சரியா முடுக்கல. அன்னைக்கு அவசரம், வேலைக்கு நேரமாயிடுச்சு. நான்தான், மிஸ் லோர்னா."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையை இழந்தவளுக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். கையில் இருக்கிற காரணத்தைப் பிடுங்கிக்கொள்வது கொடுமை என்று நினைத்தேன். துணி அலமாரியின் மேல் டிராயர் திறந்திருந்தது. உள்ளே அவன் காலுறைகள் ஜோடி ஜோடியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

அடுத்த வாரம் கட்டிலை அவள் தெருவோரம் இழுத்து வைத்திருந்தாள். மேட்டில் டேப்பில் எழுதுவார்கள். டெஸ்ஸா சமையல் கத்தியால் தலைமாட்டுப் பலகையில் செதுக்கியிருந்தாள்: 'மைலோ இதில் செத்துப்போனான். எடுக்காதீங்க.' எழுத்துகள் ஆழமாக, கோணல்மாணலாக இருந்தன. வெட்டும்போது கத்தி நழுவிய இடங்களும் தெரிந்தன. குப்பை வண்டி மறுநாள்தான் வரும். வாசலுக்கு வரும்போதெல்லாம் அவள் அதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று நான் வண்டியில் ஏற்றிக்கொண்டேன்.

டேப்பைப் போல அந்த எழுத்து உரிந்து வரவில்லை. பள்ளத்தை அடைக்க இரண்டு முறை பட்டி வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். திருகாணியும் இந்த முறை நீளமாகப் போட்டேன். குளிர்காலம் முடிந்ததும் பக்கத்து ஊரில், அதே மாதிரி ஓர் ஆற்றோரத் தெருவில், ஒரு விலை ஒட்டி வைத்தேன். மரிசோல் என்கிற பெண் கணவனோடு வந்து வாங்கினாள். அவளும் ஏதாவது கோளாறா என்று கேட்டாள். அதே பதிலைத்தான் சொன்னேன்.

பட்டி காய்ந்து உள்வாங்கும் என்பதை நான் நினைக்கவில்லை. ஜன்னல் வெயில் சாய்வாக விழுந்தபோது பெயின்டுக்கு அடியில் கோடுகள் தெரிந்ததாம். மரிசோல் விரலால் தடவித் தடவிப் படித்திருக்கிறாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

ஆமாம், டேப்பில் இருந்ததைப் படித்தேன். மரத்தில் இருந்ததையும் படித்தேன். இரண்டு முறையும் தெரிந்துதான் விற்றேன். நேற்று டெஸ்ஸாவிடம் போய் நடந்ததைச் சொன்னதாகச் சொன்னீர்கள். தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். பாவம், தான் முடுக்காத திருகாணிதான் காரணம் என்றாவது நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அதுவும் இல்லை. நீங்கள் அதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

கட்டில் உங்கள் கிடங்கில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வழக்கு முடிந்ததும் அதை உடைத்துவிடாதீர்கள். நல்ல மேப்பிள். கீழே யாருக்காவது தேவைப்படும்.